கேட் ஷெப்பர்ட் ஓட்டுரிமை "வாங்கிக் கொடுத்தாங்களாம்" - அப்ப அந்த ரெண்டு ஓட்டு?

கணக்குப்பிள்ளை:
நேத்து பேத்தி ஸ்கூல்ல மகளிர் தின விழா, வாங்க தாத்தான்னு கூப்பிட்டுச்சேன்னு போனேன், போயிருக்கக் கூடாது. மேடையில ஒரு அம்மா மைக்கைப் பிடிச்சாங்க. நியூசிலாந்துல கேட் ஷெப்பர்ட்னு தனி ஒரு பெண்மணி 1893ல பெண்களுக்கு ஓட்டுரிமை வாங்கிக் கொடுத்தார்னாங்க, ஒரே கைதட்டல். நான் தட்டல. பக்கத்து சீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும். வாங்கிக் கொடுத்தாங்களாம்! கால் கிலோ மிக்சர் வாங்கிக் கொடுத்த மாதிரி. நடந்தது என்னன்னா 1893 செப்டம்பர் 8ந் தேதி அவங்க மேல்சபையில ஓட்டெடுப்பு, ஆதரவு 20, எதிர்ப்பு 18, அதாவது 20க்கு 18. அதுல கடைசி நேரத்துல பக்கம் மாறிப் போட்டவங்க ரெண்டு பேர், வில்லியம் ரெனால்ட்ஸ், எட்வர்ட் ஸ்டீவன்ஸ். ரெண்டு பேருமே பொம்பளைங்களுக்கு ஓட்டு எதுக்குன்னு இருந்த ஆளுங்க. பிரதமர் செட்டன் மசோதாவைக் கவுக்கறதுக்காக தாமஸ் கெல்லின்னு தன் ஆளு ஒருத்தருக்குத் தந்தி அடிச்சு அவர் ஓட்டை மாத்த வச்சார். அது இவங்களுக்குத் தெரிஞ்சு, என்னடா இந்த ஆளு மேல்சபைக்குள்ள மூக்கை நுழைக்கறான்னு கடுப்பாகி, செட்டன் மூஞ்சில கரி பூசவே எதிர்ப்பக்கம் போட்டாங்க. ஆக ஓட்டு வந்தது செட்டன் பண்ணின கோளாறுல. கேட் அம்மா நல்லவங்கதான், உழைச்சாங்க, நான் இல்லைங்கல. ஆனா வாங்கிக் கொடுத்தது அவங்க இல்ல. 20க்கு 18. அவ்ளோதான்.

மதுரைமல்லி:
சார் காலையிலயே ஆரம்பிச்சிட்டீங்களா. பொம்பளை எதையாவது சாதிச்சா உடனே அதுல ரெண்டு ஆம்பளையைத் தேடிக் கண்டுபிடிச்சு மாலை போட்டாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் போல.

கணக்குப்பிள்ளை:
மாலை யாரும் போடல. கணக்கு சொன்னேன். கணக்குக்கு ஆம்பளை பொம்பளை கிடையாது.

மதுரைமல்லி:
சரி கணக்குக்கே வர்றேன். 1891ல 9,000க்கு மேல கையெழுத்து. 1892ல கிட்டத்தட்ட 20,000. 1893ல கிட்டத்தட்ட 32,000, அந்த நாட்டுல இருந்த வயசு வந்த ஐரோப்பியப் பெண்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர். போன் கிடையாது, கார் கிடையாது, குதிரையிலயும் நடந்தும் பண்ணை பண்ணையாப் போய் வாங்கினாங்க. வந்த தாளையெல்லாம், 500 ஷீட்டுக்கு மேல, கேட் தன் வீட்டுல உக்காந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி விளக்குமாத்துக் கட்டையில சுத்தி அனுப்பினாங்க. 270 மீட்டர் நீளம் சார். ஜான் ஹால்ங்கற எம்.பி. அதைச் சபை நடுவுல உருட்டி விட்டார், கட்டை போய் அந்தக் கடைசி சுவத்துல டொக்குன்னு இடிச்சுதுன்னு சொல்லுவாங்க. அந்தச் சத்தம் உங்க காதுல விழல, தந்திச் சத்தம் மட்டும் விழுது.

கணக்குப்பிள்ளை:
270 மீட்டர் உருண்டது கீழ்சபையில. கீழ்சபை 1891லயே பாஸ் பண்ணிடுச்சு, 92லயும் பண்ணிடுச்சு. மாட்டினது மேல்சபையில. மேல்சபையில எத்தனை? 20க்கு 18.

டீக்கடைபெஞ்ச்:
விளக்குமாத்துக் கட்டையா? எங்க வீட்டுல அதை வேற வேலைக்கு யூஸ் பண்றாங்க, நான் சாட்சி

பாட்டில்பகை:
எல்லாரும் முக்கியமான விஷயத்தை விட்டுட்டீங்க. கேட் ஷெப்பர்ட் மதுவிலக்குப் போராளி. முதல்லயும் கடைசியிலயும் அதுதான். 1885ல அமெரிக்காவுலேர்ந்து மேரி லெவிட்ங்கற அம்மா வந்து ஊர் ஊராப் பேசி கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்கு சங்கத்தை அங்க தொடங்கி வச்சாங்க, கேட் அதுல சேந்தாங்க. முதல் மனுவே சின்னப் பசங்களுக்கு சாராயம் விக்கக் கூடாது, பொண்ணுங்களை பார்ல ஊத்திக் கொடுக்கற வேலைக்கு வைக்கக் கூடாதுங்கறதுதான். பார்லிமென்ட்ல அதைத் தூக்கி ஓரமாப் போட்டாங்க. அப்பத்தான் ஓட்டு இல்லாதவ பேச்சை எவனும் கேக்க மாட்டான்னு புரிஞ்சுது. 1887ல சங்கத்தோட ஓட்டுரிமைப் பிரிவுக்கு நாடு முழுக்கப் பொறுப்பு எடுத்தாங்க. ஆக ஓட்டு ஒரு கருவி. நோக்கம் சாராயத்தை ஒழிக்கறது. இதைச் சொன்னா பெண்ணியவாதிங்களுக்குக் கசக்கும்.

மதுரைமல்லி:
ஏன் கசக்கணும்? புருஷன் குடிச்சிட்டு வந்து அடிச்சா அடி வாங்கறது யாரு, சம்பளத்தை பார்லயே விட்டுட்டு வந்தா பட்டினி கிடக்கறது யாரு. ரெண்டும் ஒரே சண்டைதான் அண்ணே.

ஏவன்கரை:
நான் இஞ்ச நியூசிலாந்தில, கிறைஸ்ட்சேர்ச்சில பன்னிரண்டு வருசமா இருக்கிறன், அதால கொஞ்சம் வடிவாச் சொல்லுறன். கேற் ஷெப்பேட் குடிக்கு எதிரான ஆள் எண்டது சரி. ஆனா அதை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கேலாது. குடிப்பிரச்சினையில அக்கறை இல்லாத பெண்டுகளும் சேரவேணும் எண்டுதானே தனியா வாக்குரிமைச் சங்கங்கள் தொடங்கினவை, இஞ்ச டனீடின் நகரத்தில 1892இல. அதில தையல்காரப் பெண்களின்ர தொழிற்சங்கத்தில இருந்த ஹரியட் மொரிசன் எல்லாம் நிண்டவ. கேற் 1888இல எழுதின துண்டுப்பிரசுரத்தில பெண்கள் ஏன் வாக்குப் போடவேணும் எண்டதுக்குப் பத்துக் காரணம் குடுத்திருக்கிறா. பத்தும் சாராயம் இல்லை ஐயா! பிறகு சைக்கிள், கலியாணச் சட்டம், இடுப்பை இறுக்கிற உடுப்புக்கு எதிரா எண்டு அவ கை வைக்காத விசயமில்லை.

டீக்கடைபெஞ்ச்:
ஷெப்பர்டா ஷெப்பேட்டா? ஒரு முடிவுக்கு வாங்கப்பா

ஏவன்கரை:
இஞ்ச சனம் சொல்லுற மாதிரி எழுதினனான். உங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் "ர்ட்" போட்டு இழுப்பினம்.

கணக்குப்பிள்ளை:
உச்சரிப்புப் பாடம் அப்புறம் எடுங்க. நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. அந்த ரெண்டு பேர் மாறலைன்னா என்ன ஆகியிருக்கும்?

மதுரைமல்லி:
18க்கு 18 ஆகியிருக்கும். டை. அப்பவும் தோத்துட்டாங்கன்னு சொல்ல முடியாது.

கணக்குப்பிள்ளை:
ஹா. டீச்சரம்மா இதையா பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்க. ரெண்டு பேர் இந்தப் பக்கத்துலேர்ந்து போனா காத்துலயா போவாங்க? அந்தப் பக்கம் போவாங்க. இங்க 18, அங்க 20. தோல்வி. முப்பத்தாறு வருஷம் லெட்ஜர் பார்த்தவன் நான், பற்று எது வரவு எதுன்னு எனக்குக் காட்ட வேண்டாம்.

மதுரைமல்லி:
அவங்க ஓட்டே போடாமப் போயிருந்தா?

கணக்குப்பிள்ளை:
ஏன் போடாமப் போகணும்? எதிர்த்தவங்க எதிர்த்துத்தான் போடுவாங்க. 18-20.

மதுரைமல்லி:
அவங்க மனசுக்குள்ள போய்ப் பார்த்தீங்களா?

கணக்குப்பிள்ளை:
நீங்க போய்ப் பார்த்தீங்களா? 18-20.

அமைதிப்புறா:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு சின்ன யோசனை. "வாங்கிக் கொடுத்தார்"ங்கறதுக்கு என்ன அர்த்தம்னு முதல்ல பேசி வச்சுக்கிட்டா நல்லாருக்குமே. இயக்கத்தை நடத்தினாங்கன்னு அர்த்தமா, கடைசி ஓட்டைக் கொண்டு வந்தாங்கன்னு அர்த்தமா? ரெண்டும் வேற வேற ஆச்சே.

கணக்குப்பிள்ளை:
அர்த்தம் எல்லாருக்கும் தெரியும் தம்பி. 18-20.

மதுரைமல்லி:
சரி ரெண்டை உங்களுக்கே விட்டுக் கொடுத்தேன், ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சுக்கோங்க. மீதி 18 பேர் யாருக்காகப் போட்டாங்க? அவங்களும் செட்டன் மேல கடுப்புலயா? அதுக்கு முன்னாடி 91ல மேல்சபை தோக்கடிச்சுது, 92ல பெண்கள் தபால்லதான் போடணும்னு ஒரு திருத்தத்தைச் சொருகி இழுத்தடிச்சு சாக விட்டாங்க, அப்படியும் மூணாவது வருஷம் ஒருத்தி திரும்ப வந்து கதவைத் தட்டறான்னா அது யாரு வேலை? கதவு திறந்ததும் உள்ள கால் வச்ச ரெண்டு பேருக்குக் கிரெடிட், கை வலிக்கத் தட்டினவளுக்கு "நல்லவங்கதான் உழைச்சாங்க". வீட்டுல நாங்க நாள் பூரா சமைச்சு வச்சதுக்கு நீங்க அப்பளம் பொரிச்சுட்டு இன்னைக்கு என் சமையல்னு சொல்ற மாதிரி இருக்கு.

டீக்கடைபெஞ்ச்:
அப்பளம் 🔥 சார் அவுட்

கணக்குப்பிள்ளை:
நான் அப்பளம் மட்டும் பொரிக்கறவன் இல்ல. வத்தக்குழம்பு நானே வைப்பேன், மூணு நாள் கெடாது. உதாரணம் சொல்லும்போது ஆள் யாருன்னு பார்த்துச் சொல்லணும். 18 பேரைப் பத்திக் கேட்டீங்க. 18 பேர் இருந்தா ஜெயிக்க முடியுமா? முடியாது. அப்ப ஜெயிக்க வச்சது எது? அந்த ரெண்டு. இது ஒண்ணாங்கிளாஸ் கணக்கு.

பாட்டில்பகை:
செட்டன் ஏன் எதிர்த்தார்னு யாராவது யோசிச்சீங்களா. குமாரா.

டீக்கடைபெஞ்ச்:
யாரை குமாரான்னு கூப்பிடறீங்க?

பாட்டில்பகை:
ஊர் பேருப்பா அது. நியூசிலாந்து மேற்குக் கடற்கரையில தங்கச் சுரங்க ஊரு. செட்டன் அங்க ஹோட்டல் வச்சு சாராயம் வித்தவர், அந்த ஊருக்கு மேயரா இருந்தவர். 1893 ஏப்ரல்ல பிரதமர் பேலன்ஸ் செத்துப் போக இவர் வந்து உக்காந்தார். பேலன்ஸ் ஓட்டுரிமைக்கு ஆதரவு. இவர் கடைக்காரன், கடைக்காரன் புத்தி எங்க போகும். பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்தா கடைக்குப் பூட்டுன்னு பயம்.

டீக்கடைபெஞ்ச்:
குமாரா! ஓட்டு வந்துடுச்சு குமாரா! கடையைச் சாத்து குமாரா!

ஏவன்கரை:
அதைவிடப் பகிடி, செப்டெம்பர் 19 கவர்னர் கிளாஸ்கோ பிரபு கையெழுத்துப் போட்ட உடன அதே செடன் கேற்றுக்குத் தந்தி அடிச்சவர். இனி அரசாங்கத்தின்ர நேர்மையில ஒருத்தருக்கும் சந்தேகம் இராது எண்டு நம்புறன் எண்ட மாதிரி. முகத்தில வெக்கம் எண்டு ஒண்டு இல்லை.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீங்களா? செட்டனே கிரெடிட் எடுத்துக்கறார். நான் கேட் அம்மாவைக் குறை சொன்னா மட்டும் குத்தம்.

ஏவன்கரை:
ஐயா, நான் சொன்னது உங்களுக்கு ஆதரவா இல்லை!

மதுரைமல்லி:
செட்டன் மட்டுமா? டனீடின்ல ஹென்றி ஃபிஷ்னு ஒரு எம்.பி., சாராய வியாபாரிங்க பக்கத்து ஆளு, எதிர்மனுவுக்குக் கையெழுத்து சேக்க காசுக்கு ஆள் வச்சு பார் பாரா அனுப்பினார். அப்புறம் பார்த்தா அதுல பொய்க் கையெழுத்து. மேல்சபையில தோத்த 18 பேரும் சும்மா இருந்தாங்களா, கவர்னர்கிட்ட போய் கையெழுத்துப் போடாதீங்கன்னு மனு கொடுத்தாங்க. எதிர்த்த உறுப்பினருங்க சட்டையில சிவப்புக் கமேலியா, ஆதரிச்சவங்க சட்டையில வெள்ளைக் கமேலியா. இவ்வளவு நடந்திருக்கு, நம்ம சார் ரெண்டு விரலைக் காட்டிட்டே உக்காந்திருக்கார்.

கணக்குப்பிள்ளை:
ரெனால்ட்ஸ் சட்டையில எந்தப் பூ?

மதுரைமல்லி:
சத்தியமா முடியல.

பாட்டில்பகை:
பூவை விடுங்க. ஓட்டு வந்து என்ன ஆச்சுன்னு பாருங்க. அதே 1893ல மதுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்துச்சு. தொகுதி வாரியா கடை வேணுமா வேணாமான்னு மக்களே ஓட்டுப் போடலாம், ஆனா மூடறதுக்கு அஞ்சுல மூணு பங்கு ஓட்டு வேணும். 1894ல க்ளூத்தா தொகுதி மூடிட்டாங்க. 1911ல நாடு பூரா மதுவிலக்கு வேணும்னு 55.8 சதவீதம் பேர் போட்டாங்க. 55.8! ஆனா 60 வேணுமாம். எந்த நாட்டுலயாவது 55.8 வாங்கினவன் தோப்பானா? 1919 ஏப்ரல்ல பாதி ஓட்டு இருந்தாலே போதும்னு வச்சாங்க, உள்ளூர் ஓட்டுல மதுவிலக்கு ஜெயிக்கற நிலைமை, கடல் தாண்டி இருந்த சிப்பாய்ங்க ஓட்டு வந்து கவுத்துடுச்சு. 1917லேர்ந்து சாயந்திரம் ஆறு மணிக்கு கடை மூடணும்னு சட்டம் இருந்துச்சே, 1967 வரைக்கும், அம்பது வருஷம், அது மட்டும்தான் மிச்சம். நம்ம ஊருல மத்தியானம் பன்னெண்டுக்குத் திறந்து ராத்திரி பத்து வரைக்கும் டாஸ்மாக்

டீக்கடைபெஞ்ச்:
வந்துட்டார்யா டாஸ்மாக்குக்கு. மணி பார்த்துட்டே இருந்தேன், இன்னைக்கு கொஞ்சம் லேட்

ஏவன்கரை:
ஆறு மணிக்குப் பூட்டினதால என்ன நடந்தது தெரியுமோ? அஞ்சு மணிக்கு வேலை முடிச்சு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள மாடு தண்ணி குடிக்கிற மாதிரி குடிச்சுப்போட்டு வீட்ட போனவங்கள். அதுக்கு இஞ்ச ஒரு கேலிப் பேரே இருக்கு.

பாட்டில்பகை:
அப்ப கடையை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கணும்ங்கறீங்களா? உங்க மாதிரி ஆளுங்களாலதான்

ஏவன்கரை:
என்ன "என்ர மாதிரி ஆக்கள்"? நான் ஒரு துளி தொட்டதில்லை. கதைக்கிறதை அளந்து கதையுங்கோ.

கணக்குப்பிள்ளை:
55.8 வாங்கியும் 1911ல தோத்தாங்கன்னு பாட்டில்பகை சொன்னாரே, அதைக் கவனிங்க. ஜெயிக்கறதும் தோக்கறதும் எத்தனை பேர் உழைச்சாங்கங்கறதுல இல்ல, கோடு எங்க இருக்குங்கறதுல இருக்கு. 1893ல கோட்டைத் தாண்ட வச்சது ரெண்டு பேர். இன்னொண்ணும் சொல்லிடறேன், ஷெப்பர்ட் அம்மாவுக்கு முன்னாடியே 1869ல மேரி ஆன் முல்லர்ங்கறவங்க ஃபெமினாங்கற புனைபெயர்ல ஓட்டு கேட்டு எழுதியிருக்காங்க, வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சு. அந்த வருஷம்தான் கேட் கப்பல்ல வந்தே இறங்கறாங்க. அப்ப "தனி ஒரு பெண்மணி"ங்கறது எந்த ஊரு நியாயம்? நான் கேக்கறது மேடையில பேசினவங்க சொன்னதைத்தான். எல்லாரும் என்னமோ நான் அந்த அம்மாவை அவமானப்படுத்தின மாதிரி பாயறீங்க. அவங்க நோட்டுல படம் இருக்கு, பத்து டாலர், எனக்கும் தெரியும்.

மதுரைமல்லி:
அப்ப ஃபெமினா வாங்கிக் கொடுத்தாங்கன்னு சொல்லுங்களேன். அது மட்டும் வாயில வராது. ரெனால்ட்ஸ் ஸ்டீவன்ஸ்தான் வரும்.

கணக்குப்பிள்ளை:
ஃபெமினா மேல்சபையில இல்லையே.

மதுரைமல்லி:
பொம்பளை அந்த நாட்டுல எந்தச் சபையிலயும் இல்ல! கீழ்சபைக்கு நிக்கவே 1919 வரைக்கும் விடல! முதல் பெண் எம்.பி. எலிசபெத் மெக்கோம்ப்ஸ் 1933ல! கேட் சாகறதுக்கு முந்தின வருஷம்! சபைக்குள்ளயே விடாம வெளிய நிறுத்திட்டு, நீ சபையில இல்லையே அதனால நீ வாங்கல... உங்க லாஜிக்கை நீங்களே ஒரு தடவை சத்தமாப் படிச்சுப் பாருங்க சார்.

டீக்கடைபெஞ்ச்:
சார் படிச்சுட்டு இருக்கார், டிஸ்டர்ப் பண்ணாதீங்க

வடகரைவாசு:
லேட்டா வந்தேன். அந்தம்மா கடைசியில சங்கத்துக்கு பிரசுரம் அச்சடிச்சவரையே கல்யாணம் பண்ணிக்கிட்டாங்களாமே, அதுக்கு முன்னாடியே அவர் வீட்டுலதான் ரொம்ப வருஷம் இருந்தாங்களாமே, அந்தக் கதை என்ன?

மதுரைமல்லி:
எந்த விவாதத்துலயும் ஒருத்தர் இதுக்குன்னே வருவார். புருஷன் வால்டர் மகனோட இங்கிலாந்து போய் இருந்தார், இவங்க கிறைஸ்ட்சர்ச்ல அந்த அச்சடிச்ச வில்லியம் லவல்-ஸ்மித் குடும்பத்தோட இருந்தாங்க, அவர் பொண்டாட்டி ஜென்னியும் இவங்களுக்கு உயிர்த் தோழி. மகன் 1910ல போயாச்சு, வால்டர் 1915ல போயாச்சு, ஜென்னியும் போனப்புறம் 1925ல வில்லியமைக் கல்யாணம் பண்ணாங்க, வயசு 77. நாலு வருஷத்துல அவரும் போயிட்டார். ஒரே பேத்தி அதுக்கு அடுத்த வருஷம். 1934ல கேட் போகும்போது வம்சத்துல ஒருத்தர் இல்ல. இதுல உங்களுக்குக் கிசுகிசு வேணுமா?

வடகரைவாசு:
சும்மாதாங்க கேட்டேன். கோவப்படாதீங்க.

கணக்குப்பிள்ளை:
வாசு கேட்டதுல தப்பில்ல, ஆனா இந்தத் திரெட்டுக்குச் சம்பந்தமில்ல. சம்பந்தம் உள்ளது 20க்கு 18.

ஏவன்கரை:
நான் ஒண்டு சொல்லட்டோ. 93 நவம்பர் 28 தேர்தல். சட்டம் வந்து பத்துக் கிழமைதான். 1,09,461 பெண்கள் பேர் பதிஞ்சவை, 90,290 பேர் போய் வாக்குப் போட்டவை. தெருவில பெண்டுகளைக் கேலி செய்வாங்கள், வரிசையில இடிப்பாங்கள் எண்டு பயங்காட்டினவங்கள், ஒண்டும் நடக்கேல்லை. அந்த 90,290 பேரை ரெனால்ட்ஸ்தான் கூட்டிக்கொண்டு போனவரோ? எங்கட இலங்கையில 1931இல ஆண் பெண் எல்லாருக்கும் வாக்கு வந்தது, உங்கட பக்கத்துக்கு அது வர இன்னும் இருவது வருசம் கிடந்தது, அதால உங்களுக்கு இந்த அருமை விளங்காது போல.

கணக்குப்பிள்ளை:
இலங்கைக்கு பிரிட்டிஷ்காரன் அனுப்பின டொனமூர் கமிஷன் கொடுத்தது. வாங்கினது இல்ல, கொடுத்தது. மெட்ராஸ்ல 1921லயே சட்டசபைக்குப் பெண்கள் ஓட்டு வந்தாச்சு, அது தெரியுமா உங்களுக்கு?

ஏவன்கரை:
சொத்து வச்சிருக்கிற பெண்களுக்கு மட்டும்! அதைச் சொல்ல மாட்டீங்கள்!

கணக்குப்பிள்ளை:
ஆரம்பம்னா அப்படித்தான் இருக்கும்.

ஏவன்கரை:
ஓமோம், உங்கட எண்டா ஆரம்பம், எங்கட எண்டா கமிஷன் குடுத்தது. போன மாசம் ஃபில்டர் கோப்பித் திரெட்டிலயும் இப்பிடித்தான் நிண்டனீங்கள். சிக்கரி போட்டா கோப்பியே இல்லை எண்டு அறுவது பதிவு.

கணக்குப்பிள்ளை:
சிக்கரி விஷயத்துல நான் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இன்னைக்கும் சொல்றேன்.

அமைதிப்புறா:
அந்த அர்த்தம் விஷயம்...

டீக்கடைபெஞ்ச்:
விடுப்பா புறா, பறந்துடு

ஏவன்கரை:
எங்கட ஏவன் ஆத்தங்கரையில கேற்றின்ர வெண்கலச் சிலை இருக்கு, 1993இல நூறு வருசம் முடிஞ்சதுக்கு வச்சது. அவ தனிய இல்லை. மொத்தம் ஆறு பேர். கேற், மேரி மங்காகாஹியா, ஏமி டால்டி, அடா வெல்ஸ், ஹரியட் மொரிசன், ஹெலன் நிகோல். அந்த மேரி மாவோரிப் பெண், நியூசிலாந்தின்ர பூர்வகுடி, 93 மே மாசம் மாவோரி மக்களின்ர பாராளுமன்றத்தில போய் பெண்களுக்கு வாக்கு மட்டுமில்லை, உள்ள இருக்க இடமும் தாங்கோ எண்டு கேட்டவ. கேற்றின்ர ஆக்கள் கேட்டதைவிட ஒரு படி கூட.

கணக்குப்பிள்ளை:
ஆறு பேர்! அப்ப நான் முதல்லேர்ந்து என்ன சொல்றேன்? தனி ஒரு பெண்மணி இல்லைன்னு. இப்ப நீங்களே ஆறுன்னு சொல்லிட்டீங்க. நன்றி.

மதுரைமல்லி:
நீங்க சொன்னது ஆறு பெண்கள்னு இல்ல சார், ரெண்டு ஆண்கள்னு. மேல போய் உங்க முதல் பதிவைப் படிங்க.

கணக்குப்பிள்ளை:
ரெண்டையும் சொன்னேன்.

மதுரைமல்லி:
சொல்லல.

கணக்குப்பிள்ளை:
சொன்னேன்.

பாட்டில்பகை:
அந்த ஆறு பேர்ல மதுவிலக்கு சங்கத்துல எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க, அப்பத் தெரியும்.

ஏவன்கரை:
நாளைக்கு வேலை முடிஞ்சு அந்தப் பக்கம்தான் போவன். சிலையைப் படம் எடுத்து இஞ்ச போடுறன், எல்லாரும் கண்ணாலயே பாருங்கோ.

கணக்குப்பிள்ளை:
போடுங்க. அப்படியே பின்னாடியும் ஒரு தடவை சுத்திப் பார்த்துடுங்க, ரெனால்ட்ஸும் ஸ்டீவன்ஸும் எங்கயாவது நிக்கறாங்களான்னு.